மாத்திரைக்கு முன் பரிசோதனை: ஆண்களின் விந்தணு நலம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், ஆன்டிஆக்ஸிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சத்துகள் ஆண்களின் விந்தணுக்களை எவ்வாறு காக்கின்றன என்று விளக்கும் கட்டுரை வெளியாகியிருந்தது. குழந்தையில்லாத வீடு என்றால் பெண்ணைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய நம்மிடையே, ஆணின் உடலைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது எனக்கு மகிழ்ச்சி தந்தது. கட்டுரையில் சொல்லப்பட்ட அறிவியலும் பெரும்பாலும் சரியானதே. ஆனால் அதைப் படித்து முடிக்கும் ஓர் இளைஞர் அடுத்து என்ன செய்வார் என்று எண்ணிப் பார்த்தபோது கவலை உண்டாயிற்று. அவர் மருந்துக் கடைக்குப் போய் ஒரு டப்பா சத்து மாத்திரை வாங்குவார்; பரிசோதனைக்கு வரமாட்டார். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலுமாக 30 ஆண்டுகளுக்கு மேல் ஆய்வக நுட்பநராகப் பணிபுரிந்து, விந்துப் பரிசோதனை என்றதும் ஆண்கள் எத்தனை மாதம், சிலர் எத்தனை ஆண்டு, தள்ளிப்போடுகிறார்கள் என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விந்தணு ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது என்பதை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது கடினமன்று. தேங்காயெண்ணெயைப் புட்டியில் ஊற்றி வைத்தால் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும். சாளை (மத்தி) மீனின் நெய்யில் காற்றும் வெயிலும் பட்டால் விரைவிலேயே காறிப்போய் வாடை வந்துவிடும். மீன் நெய்யில் உள்ள கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனோடு விரைந்து சேரும் தன்மை உடையவை என்பதே காரணம். அதே வகைக் கொழுப்பு, குறிப்பாக டிஎச்ஏ எனப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம், விந்தணுவின் மேலுறையில் மிகுதியாக இருக்கிறது. வாலை வளைத்து வளைத்து நீந்த வேண்டுமானால் உறை இளக்கமாக இருக்க வேண்டும். அந்த இளக்கத்தைத் தருவது இந்தக் கொழுப்புதான். போதாததற்கு, மற்ற உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கும் காவல் நொதிகள் விந்தணுவுக்குள் மிகக் குறைவு. நெடும்பயணத்துக்காகத் தன் சுமையை எல்லாம் இறக்கி வைத்துவிட்ட அணு அது. தலையில் மரபுப்பொருள், நடுப்பகுதியில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, பின்னால் வால், அவ்வளவே. மரபுப்பொருளில் சிதைவு ஏற்பட்டால் தானாகச் சரிசெய்து கொள்ளும் திறனும் அதற்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே அது தன்னைச் சூழ்ந்துள்ள விந்து நீரில் இருக்கும் வைட்டமின் சி, வைட்டமின் இ, துத்தநாகம், சில நொதிகள் ஆகியவற்றின் காவலையே பெரிதும் நம்பியிருக்கிறது. இது புதிய செய்தியும் அன்று. ஆக்சிஜன் மிகுந்த சூழலில் மனித விந்தணுக்கள் அசைவை இழப்பதையும், கேட்டலேஸ் என்ற நொதியைச் சேர்த்தால் அந்தக் கேடு தடுக்கப்படுவதையும் ஜான் மெக்லியாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1943-லேயே வெளியிட்டார்.

கட்டுரையில் விடுபட்டுப் போன ஒன்றை இங்கே சேர்க்க விரும்புகிறேன். உடலில் ஆக்சிஜனிலிருந்து உண்டாகி, எதனோடும் சட்டென்று சேர்ந்து இந்தக் கேட்டைச் செய்பவை வீரிய ஆக்சிஜன் மூலக்கூறுகள்; ஆனால் அவை சிறிதளவு இருந்தே ஆகவேண்டும். பெண்ணின் உடலுக்குள் முட்டையை நெருங்கும்போது விந்தணு தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்வதற்கும், வாலைச் சொடுக்கி வேகமெடுப்பதற்கும் அவை தேவைப்படுகின்றன. அடுப்பில் இருக்க வேண்டிய தீ கூரைக்கு ஏறும்போதுதான் ஆபத்து. அப்படியானால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதைவிட, கூரைக்குத் தீ எங்கிருந்து வருகிறது என்பதாகத்தானே இருக்க முடியும்?

அந்தத் தீயின் ஓர் ஊற்றை நான் உருப்பெருக்கியின் கீழ் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விந்து மாதிரி கைக்கு வந்ததும் உடனே பார்க்க முடியாது. அது அரை மணி நேரத்தில் இளகி நீர்மமாக வேண்டும். பிறகு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால், நல்ல மாதிரியில் அணுக்கள் முண்டிக்கொண்டு நேராக முன்னேறிப் பார்வை வட்டத்தைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். கெட்ட மாதிரியில் தலை நின்ற இடத்திலேயே நிற்க, வால் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட சில மாதிரிகளில், வாலுள்ள அணுக்களுக்கிடையே உருண்டையான அணுக்கள் கூட்டமாகத் தெரியும். அவற்றுக்குத் தனியாகச் சாயச் சோதனை செய்தால் பல வெள்ளையணுக்களாக இருக்கும். ஒரு மில்லிலிட்டரில் அவை 10 லட்சத்தைத் தாண்டினால் உள்ளே தொற்றோ அழற்சியோ இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். கிருமியைக் கொல்வதற்காக வெள்ளையணுக்கள் உமிழும் அதே வீரிய ஆக்சிஜன்தான் பக்கத்தில் இருக்கும் விந்தணுவின் உறையையும் எரிக்கிறது. தொற்று உள்ள இப்படிப்பட்டவருக்குத் தேவைப்படுவது அதற்குரிய சிகிச்சை. மாதுளைச் சாறும் பாதாம் பருப்பும் அதற்கு ஈடாகா.

அடுத்தது வெப்பம். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதற்கே காரணம், விந்தகங்கள் உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதுதான். சில நாள் கடுங்காய்ச்சல் வந்தால்கூட அடுத்த சில வாரங்களில் எடுக்கும் பரிசோதனையில் எண்ணிக்கை சரிந்து தெரியும். இப்போது நம் மாவட்டத்து ஆண்களின் வேலைகளை எண்ணிப் பாருங்கள். தேங்காய்ப்பட்டினத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் விசைப்படகுகளில் இஞ்சின் அறையோடு மல்லாடுபவர்கள், ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளையில் நிற்பவர்கள், குலசேகரம் வட்டாரத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைக்கூட்டில் அடுக்குபவர்கள், ஓட்டல் அடுப்படியில் பரோட்டாக் கல்லின் முன் நிற்பவர்கள், நாள் முழுவதும் இருக்கையை விட்டு எழாத லாரி, பேருந்து ஓட்டுநர்கள், வளைகுடா நாடுகளில் கோடை வெயிலில் வெல்டிங் செய்யும் நம் பிள்ளைகள். இவர்கள் எல்லோருக்கும் பாதிப்பு வரும் என்று நான் சொல்லவில்லை. இவர்களில் பெரும்பாலோர் தந்தையரே. ஆனால் குழந்தை தாமதமாகும்போது மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்விகளுள் ஒன்று அவர் என்ன வேலை செய்கிறார் என்பது. ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வரும் மாப்பிள்ளைக்கு, வந்த வாரமே எடுக்கும் பரிசோதனை அவர் அங்கே வேலை செய்த மாதங்களின் நிலையைத்தான் காட்டும் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்களும், அதன்பின் முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டு வாரமும் ஆகின்றன.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, மிதமிஞ்சிய மது, கட்டுப்படாத சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவற்றைத் தங்கள் கட்டுரை குறிப்பிட்டிருந்தது. மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்குவதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஸ்டீராய்டோ போட்டுக்கொள்ளும் இளைஞர்கள், ஆண்மை கூடும் என்று நம்பியே போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் மூளை விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அடியோடு நின்று போகவும் கூடும். அதே போல் வாழைத் தோட்டங்களிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளிப்பவர்கள் கையுறையும் முகக் கவசமும் இன்றித் தெளிப்பதைச் சாதாரணமாகக் காண்கிறோம். மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா ஆலைத் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணுவே இல்லாமல் போனது 1977-ல் தெரியவந்தது. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. அந்த மருந்து பின்னர் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது என்றாலும், தோட்ட மருந்து ஆணின் விந்தகத்தை எட்டும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியருக்குத் திருமணமாகி நான்கு ஆண்டு கடந்தும் குழந்தை இல்லை. கணவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி. அந்தப் பெண்ணுக்கு அதற்குள் ரத்தப் பரிசோதனைகள், பல முறை ஸ்கேன், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே எல்லாம் முடிந்திருந்தன. ஒன்றிலும் குறை இல்லை. கணவருக்குப் பரிசோதனை எடுக்கலாமே என்று நான் சொன்னபோது, உடன் வந்திருந்த தாயார், “எனக்க மோனுக்கு ஒரு கொறவும் இல்ல சாரே” என்று பேச்சை முடித்துவிட்டார். இதற்கிடையே ஒரு மருந்துக் கடையில் கொடுத்த ஆன்டிஆக்ஸிடன்ட் பொடியை, ஆரஞ்சு மணத்தோடு தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, கணவர் ஓராண்டுக்கு மேல் தவறாமல் சாப்பிட்டு வந்தார். மாதம் ஏறத்தாழ 2,000 ரூபாய் அதற்கே செலவாயிற்று. அந்த உறையை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு தந்தையும் குழந்தையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற வரி, கண்ணாடி போட்டும் எனக்குச் சிரமமாகத் தெரிந்த எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

கடைசியில் அவர் பரிசோதனைக்கு வந்தபோது எண்ணிக்கையும் அசைவும் மிகக் குறைந்திருந்தன. சிறுநீரியல் மருத்துவர் அவரை நிற்க வைத்துக் கையால் சோதித்தே இடப்பக்கம் வெரிகோசீல் இருப்பதைக் கண்டுபிடித்தார். காலில் வரும் நரம்புச் சுருட்டலைப் போல விதைப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்வதே வெரிகோசீல். தேங்கும் ரத்தம் விந்தகத்தைச் சூடாக்கும்; வீரிய ஆக்சிஜனும் அங்கே பெருகும். பொதுவாக ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் இது உண்டு. குழந்தையின்மைக்காகச் சோதிக்கப்படும் ஆண்களிலோ மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்படுகிறது. எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. தேவைப்பட்டு அறுவை செய்துகொண்டவர்களில் கணிசமானவர்களுக்குச் சில மாதங்களில் எண்ணிக்கையும் அசைவும் முன்னேறுகின்றன. அவருக்கும் முன்னேறியது. ஆனால் மனைவிக்கு அப்போது வயது 37. பொடியை நம்பிக் கழித்த ஓராண்டும், தாயாரின் ஒரு வாக்கியத்தால் கழிந்த ஆண்டுகளும் அந்த மனைவியின் வயதில்தான் சேர்ந்தன.

இந்தப் பொடிகளும் மாத்திரைகளும் பயனற்றவையா என்று வாசகர்கள் கேட்கலாம். நேர்மையாகச் சொல்வதானால், சிறு ஆய்வுகள் பலவற்றில் பயன் தெரிந்திருக்கிறது. அவற்றைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் குழுவினர், பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் தாழ்ந்தது என்றே எழுதினார்கள். கவனமாக நடத்தப்பட்ட பெரிய ஆய்வுகளின் முடிவு வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதியரில், ஒரு பகுதிக் கணவர்களுக்கு ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும், மறுபகுதியினருக்குச் சத்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்த ஆய்வு 2020-ல் வெளியாயிற்று. குழந்தை பெற்றவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 34, இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 35. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களின் விந்தணுக்களில் மரபுச் சிதைவு சற்றுக் கூடுதலாகவும், வயிற்றுத் தொந்தரவு அதிகமாகவும் இருந்தன. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில் வைட்டமின் சி, இ, செலினியம், கார்னிடின், லைக்கோபீன் முதலியவை சேர்ந்த கலவை ஏறத்தாழ 170 ஆண்களிடம் சோதிக்கப்பட்டது. போலி மாத்திரையைவிட அது மேலாக இல்லை. அளவு மீறினால் கேடும் உண்டு. நாள்தோறும் 400 அலகு வைட்டமின் இ சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததை, 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2011-ல் காட்டியது. ஆகவே மருத்துவர் பரிசோதித்து, காரணம் கண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாம். கடைக்காரர் சொல்லி ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவது தகாது. விந்துக் குழாய் அடைபட்டவருக்கும், பிறவியிலேயே விந்தணு உற்பத்தி இல்லாதவருக்கும் எந்தச் சத்து மாத்திரையும் வழி திறக்காது.

சத்து உணவிலிருந்து வருவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அதற்கு வெளியூர்ப் பழங்களைத் தேட வேண்டியதில்லை. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. வீட்டுப் பின்புறத்துக் கொய்யா ஒன்றே அதைத் தந்துவிடும். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழத்தை)க் கொட்டைக்காகத் திருகி எடுத்துவிட்டு மரத்தடியில் அழுகவிடுகிறோம். முருங்கைக்கீரை, நெல்லிக்காய், செந்துளுவன் பழம், சாளை, அயிலை, நெத்திலி எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும் உண்டு வளர்ந்த தலைமுறைக்குப் பிறகு வந்தவர்கள் இரவுதோறும் பரோட்டாவும் பொரித்த கோழியும் உண்பதைப் பார்க்கும்போது, மருந்துக் கடையில் தேடுவதை அடுக்களையிலிருந்து நாமே வெளியேற்றிவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தங்களிடம் நேரடியாகவும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். பாலுறவு ஆற்றலைக் கூட்டுவதாகவும் ஆண்மைக் குறைவைப் போக்குவதாகவும் மருந்து விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் பேருந்து நிலையச் சுவர்களிலும், நாளிதழ்களின் வரி விளம்பரங்களிலும் அத்தகைய வாக்குறுதிகள் இன்றும் கண்ணில் படுகின்றன. விந்தணுக் குறைபாடு வேறு, தாம்பத்திய இயலாமை வேறு. விந்தணுக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் இல்லறத்தில் எந்தக் குறையும் இல்லாதவர்கள். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துக் கூச்சத்தை வளர்ப்பவை அந்த விளம்பரங்கள்தான். பரிசோதனைக்கு வர ஆண் தயங்குவதற்கு அந்தக் கூச்சமே பெருங்காரணம் என்பதால், அத்தகைய விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் ஏற்காதிருக்க வேண்டுகிறேன்.

பரிசோதனையோ மிக எளியது. ஊசி இல்லை, வலி இல்லை, பெண்ணுக்குச் செய்யும் சோதனைகள் பலவற்றைவிடச் செலவு குறைவு. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவு தவிர்த்து, முழு மாதிரியையும் ஆய்வகம் தரும் அகன்ற வாய் டப்பாவில் எடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால், உடல் வெப்பம் குறையாமல் சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். மில்லிலிட்டருக்கு 160 லட்சம் எண்ணிக்கை, நூற்றுக்கு 42 அசைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கீழெல்லைகளை வகுத்திருக்கிறது. ஒரு முறை குறைந்து வந்தால் அச்சப்படாமல், சில வாரம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பேச்சிப்பாறையிலிருந்தோ தூத்தூரிலிருந்தோ வருபவர் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் வந்து சேருவது எப்போதும் இயலாது. அவர் ஆய்வகத்திலேயே மாதிரி தர வேண்டியிருக்கும். நான் பணிபுரிந்த ஓர் இடத்தில் அதற்கெனத் தனி அறை இல்லை. எல்லோரும் பயன்படுத்தும் கழிப்பறையைத்தான் காட்டுவோம். வெளியே யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் காலை டப்பாவை வாங்கிக்கொண்டு போன ஓர் இளைஞர், கால் மணி நேரம் கழித்து வெறும் டப்பாவை என் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, கட்டிய பணத்தைக்கூடத் திரும்பக் கேட்காமல் தலை குனிந்து போய்விட்டார். அவர் பிறகு வரவேயில்லை. உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவும், ஒரு தண்ணீர்க் குழாயும், ஒரு நாற்காலியும் உள்ள சிறிய அறை ஒன்றை இந்தப் பரிசோதனைக்கென ஒதுக்கித் தருமாறு நம் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளையும் தனியார் ஆய்வகங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.